முதலில் பொடியை டச் எடுங்கள், பிறகு ப்ரொபோசல் எழுதுங்கள்

கேள்வி: சேலம் அருகே ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் கல்லூரியில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பிஎச்.டி. முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் எட்டு மாதம் பேறுகால விடுப்பு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுப் பட்டறைகளில் வெள்ளிக் கொலுசு பற்றவைக்கும் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைப் பற்றவைப்புப் பொடியிலிருந்து வரும் காட்மியம் என்ற நச்சு உலோகம் பாதிக்கிறதா என்று ஆராய விரும்புகிறேன். 500 தொழிலாளர்கள், ஒப்பீட்டுக்கு ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து 500 பேர், ரத்தம், சிறுநீர், மரபணு மூன்றும் பார்ப்பது என் திட்டம். இரண்டு வெளிநாட்டு ஃபவுண்டேஷன்களுக்கு அனுப்பினேன். இரண்டுமே மூன்று வாரத்துக்குள் "தகுதி வரம்புக்குள் இல்லை" என்ற ஒரே வரியோடு திரும்பிவிட்டன. வேறு எங்கே விண்ணப்பிக்கலாம்? பணம் வந்தால் என் சொந்தக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: மூன்று வாரத்தில் ஒற்றை வரியோடு திரும்பி வந்திருக்கிறது என்றால், உங்கள் அறிவியலை யாரும் படிக்கவே இல்லை என்று பொருள். நிபுணர்கள் படித்து நிராகரிக்கக் குறைந்தது மூன்று நான்கு மாதமாவது ஆகும். உங்கள் விண்ணப்பம் வாசலிலேயே நின்றுவிட்டது. அதனால் "ஆராய்ச்சி யோசனை மோசம்" என்று மனம் தளர வேண்டாம். யோசனையிலும் திருத்த வேண்டியவை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வாசல்.

ஃபவுண்டேஷன் என்ற பெயரைப் பார்த்ததும் தொகை எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்று பார்ப்பது எல்லோருடைய வழக்கம். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: எந்த நாட்டு நிறுவனத்துக்குப் பணம் தருவார்கள், எந்த நோய்க்கு அல்லது யாருக்காகத் தருவார்கள், ஆளுக்குத் தருகிறார்களா திட்டத்துக்கா. லண்டனிலுள்ள வெல்கம் அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் விருது ஐந்து ஆண்டுகள் வரை சம்பளத்தோடு கிடைக்கக்கூடியது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்ற வரியைப் படித்ததும் நம்மவர்கள் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதே வாக்கியத்தில், அடைப்புக்குறிக்குள், "இந்தியா, சீனப் பெருநிலம் நீங்கலாக" என்று இருக்கிறது. இந்தியாவுக்கென்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து 2008-ல் இந்தியா அலையன்ஸ் என்ற தனி அமைப்பையே அவர்கள் தொடங்கியிருப்பதால் அந்த விலக்கு. டாடா குடும்பத்தின் லேடி டாடா நினைவு அறக்கட்டளை 1932-ல் தொடங்கியது. மெஹர்பாய் டாடா ரத்தப் புற்றுநோயால் இறந்ததால் அதன் பன்னாட்டு உதவித்தொகைகள் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கே போகின்றன. அந்த உதவித்தொகைக்குச் சிறுநீரகத்தைக் கொண்டுபோய்ப் பயனில்லை. அமெரிக்காவின் திராஷர் ஆராய்ச்சி நிதி எந்த நாட்டவரையும் ஏற்கும், ஆனால் குழந்தைகள் உடல்நலம் மட்டும்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஒரு ஆசை வரும்: "வீட்டுப் பட்டறைதானே, அங்கே குழந்தைகளும் இருக்கிறார்களே, தலைப்பில் குழந்தைகளைச் சேர்த்துவிடலாமா?" அது உண்மையிலேயே நல்ல கேள்விதான். ஆனால் அது வேறு ஆய்வு. குழந்தையின் உடலுக்குள் காட்மியம் போகும் வழி வேறு, அளவு வேறு, எத்திக்ஸ் கமிட்டியில் (ஆய்வு நெறிமுறைக் குழுவில்) பெற்றோர் ஒப்புதலோடு ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதமும் தனியே வேண்டும். பணம் இருக்கும் இடத்துக்கேற்ப ஆய்வை வளைத்தால் அது படிப்பவர் கண்ணில் இரண்டாம் பக்கத்திலேயே பட்டுவிடும்.

அடுத்து, சொந்தக் கணக்கு. வேண்டவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010, அதாவது ஆடிட்டர்கள் எஃப்சிஆர்ஏ என்று சொல்வது, தனிநபரையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. உங்கள் கல்லூரி அறக்கட்டளைக்கு அந்தச் சட்டப்படியான பதிவு இருக்க வேண்டும். இருந்தால் பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்கே முதலில் வர வேண்டும். இது 2020 திருத்தத்தில் வந்த விதி. பதிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்க மறந்த அறக்கட்டளைகள் நிறைய இருப்பதால் சான்றிதழின் நகலை வாங்கிக் காலாவதித் தேதியைக் கண்ணால் பாருங்கள். "நமக்கு இருக்கும்மா" என்று அலுவலகத்தில் வாயால் சொல்வதை நம்பி ஆறு மாத உழைப்பைப் போடாதீர்கள். புதிதாகப் பதிவு வாங்க அறக்கட்டளை மூன்று ஆண்டு பழையதாகவும், அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்ததாகவும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடமிருந்து குறிப்பிட்ட ஒரு பணிக்கு மட்டும் முன் அனுமதி வாங்கும் வழியும் உண்டு, ஆனால் அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் முதலில் கையில் வர வேண்டும்.

"பெங்களூரில் பதிவு உள்ள நிறுவனம் ஒன்று வாங்கி நமக்கு ஒரு பங்கை அனுப்பட்டும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். முன்பு நடந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது. அந்த வழி மூடிவிட்டது. அதே திருத்தத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் வந்தது. இதில் ஒரு நுணுக்கம்: முதன்மையாக ஆராய்ச்சி அல்லது பயிற்சி நடத்தும் அமைப்பில் களத்தில் தரவு சேகரிப்பவர், அலசுபவர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. உங்களுடையது பாடம் நடத்தும் கல்லூரி. அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கு அருகில் ஆள் சம்பளம்தான் வரப்போகிறது.

இன்னொரு படியும் இருக்கிறது. வெளிநாட்டு நிதியில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழியாகப் போகும். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கையில் இருந்தால்தான் அங்கே நகரும். ஆக "கிராண்ட் கிடைத்துவிட்டது" என்ற மின்னஞ்சலுக்கும் முதல் சிறுநீர் மாதிரிக்கும் இடையே பல மாதங்கள் உண்டு. உங்கள் கால அட்டவணையில் முதல் மாதமே மாதிரி சேகரிப்பு என்று எழுதியிருந்தால், இந்தியாவில் வேலை செய்த எந்த ரிவ்யூவரும் அங்கேயே பேனாவை வைத்துவிடுவார்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், முதல் கிராண்டுக்கு உள்நாட்டு அமைப்புகளே உங்களுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. இந்தியா அலையன்ஸ் ஆளுக்குத் தரும் ஃபெலோஷிப். முன்விண்ணப்பம், முழு விண்ணப்பம், நேர்காணல் என்று மூன்று கட்டம். போட்டி கடுமை, ஆனால் பேறுகால விடுப்பு போன்ற இடைவெளிகளை மதித்துப் பார்ப்பார்கள். பெயரில் ஃபவுண்டேஷன் என்றிருந்தாலும் 2023-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஃபவுண்டேஷன் அரசு அமைப்பே. அதன் பிரதமர் இளம் ஆய்வாளர் கிராண்ட் மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வேலையில் சேர்ந்து எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு என்பதால் உங்கள் நியமன ஆணையின் தேதியை எடுத்து வைத்துக்கொண்டு அறிவிப்பைப் படியுங்கள்.

மூன்றாவது வழி கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிச் சட்டம், 2013-ன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். அதைப் பெரும்பாலும் தங்கள் ஃபவுண்டேஷன் மூலம் தருகிறார்கள். வாங்கும் அறக்கட்டளைக்குக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும், வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் பதிவுகளும் வேண்டும். இங்கே எழுதும் முறை வேறு. அவர்களுக்கு "சிறுநீரகக் குழாய்ச் செயலிழப்பின் குறியீடுகள்" வேண்டாம். எத்தனை தொழிலாளிக்குப் பரிசோதனை, எத்தனை பட்டறைக்குப் புகைபோக்கி என்பதுதான் வேண்டும். பட்டறைக்குப் புகை உறிஞ்சும் விசிறி மாட்டித் தரும் பகுதியை இவர்களிடமும், ஆய்வுப் பகுதியை இன்னொருவரிடமும் கேட்கலாம். ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டாதவரை இதில் தவறில்லை. இன்னொருவரிடமும் கேட்டிருக்கிறேன் என்று இரு பக்கமும் எழுதிவிட வேண்டும்.

சரி, யோசனைக்கு வருவோம். பொடி வைக்காமல் சொல்கிறேன்: உங்கள் திட்டம் முழுதும் பற்றவைப்புப் பொடியில் காட்மியம் இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அதை நீங்கள் இன்னும் சோதிக்கவில்லை. தங்கத்தில் கேடிஎம் (காட்மியம் கலந்த பற்றவைப்பு) என்ற பேச்சு ஊருக்கே தெரியும் என்பதால் வெள்ளியிலும் அப்படியே இருக்கும் என்று எழுதிவிட்டீர்கள். துத்தநாகமும் செம்பும் மட்டும் கலந்த பொடியும் உண்டு. பத்துப் பட்டறைகளில் கேட்டு, ஆளுக்கு ஒரு சிட்டிகை பொடி வாங்கி, செவ்வாய்ப்பேட்டையில் டச் எடுக்கும், அதாவது உலோகத்தின் சுத்தம் பார்க்கும், கடையில் எக்ஸ்ரேயால் உலோகங்களை அடையாளம் காணும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வைத்துப் பாருங்கள். வெள்ளியின் சுத்தம் பார்க்கும் அதே மெஷின் காட்மியத்தையும் காட்டும். ஒன்று மட்டும் கவனம். வெள்ளியின் எக்ஸ்ரே கோடு 22 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கமும் காட்மியத்தின் கோடு 23 பக்கமும் அடுத்தடுத்து விழுவதால், வெள்ளி அதிகம் உள்ள பொடியில் சொற்ப அளவு காட்மியத்தை அந்த மெஷின் சொன்னால் நம்ப முடியாது. பெரிய அளவில் இருந்தால் சந்தேகமில்லாமல் தெரியும். காட்மியம் தெரிந்த இரண்டு மூன்று பொடிகளை மட்டும், நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். பத்தில் ஒன்றிலும் இல்லை என்றால் ப்ரொபோசலை அங்கேயே மூடிவிட்டு வேறு கேள்விக்குப் போகலாம். சில ஆயிரம் ரூபாயில் இரண்டு ஆண்டு தப்பிக்கும். ஆறில் இருக்கிறது என்றால் அந்த ஒரு அட்டவணைதான் உங்கள் விண்ணப்பத்தின் மிக வலுவான பக்கம். இளம் ஆய்வாளரிடம் கட்டுரைப் பட்டியல் நீளமாக இருக்காது என்று ரிவ்யூவருக்குத் தெரியும். களத்தில் கால் வைத்திருக்கிறாரா என்றுதான் பார்ப்பார்.

காட்மியம் கொதிப்பது 767 டிகிரி செல்சியஸில். பற்றவைக்கும் ஊதுகுழல் சுடர் அதை எளிதில் தாண்டும், அதனால் பொடியில் இருப்பது புகையாகி மூச்சில் போகும் என்ற வாதத்தை இரண்டே வாக்கியத்தில் எழுதிவிடலாம். அதற்கு இப்போது உங்கள் வரைவில் ஒன்றரைப் பக்கம் போயிருக்கும் என்று ஊகிக்கிறேன்.

ஏற்காட்டை விட்டுவிடுங்கள். ஒப்பீட்டுக் குழு என்பது புகையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தொழிலாளியைப் போலவே இருக்க வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் மலையாளிப் பழங்குடியினர் உணவு, தண்ணீர், உடலுழைப்பு, ரத்தசோகை என எதிலும் செவ்வாய்ப்பேட்டைக்காரரைப் போல இல்லை. வித்தியாசம் ஏதாவது வந்தால் அது காட்மியத்தாலா மலையாலா என்று பிரிக்க முடியாது. பழங்குடி மக்களை ஆய்வில் சேர்க்க ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் சமூகத் தலைவர்கள் வழியான அனுமதியும், அந்தச் சமூகத்துக்கு என்ன நன்மை என்ற விளக்கமும் கேட்கும். சேலத்துக் கொலுசு ஆய்வால் அவர்களுக்கு என்ன நன்மை? பதில் இல்லை. அதற்காக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இறங்கும் வழியில் ஐஸ் பெட்டி குலுங்க மாதிரி கொண்டுவருவதும் வீண்.

ஒப்பீடு பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. கம்பி இழுப்பவர், சலங்கை கோப்பவர், மெருகு போடுபவர் ஒரு பக்கம். பொடி வைத்து ஊதுபவர் இன்னொரு பக்கம். அதே தெரு, அதே அரிசி, அதே குடிநீர், ஏறக்குறைய அதே கூலி. அரிசியிலும் காட்மியம் உண்டு என்பதால் ஒரே சந்தையின் அரிசியைச் சாப்பிடுபவர்களை ஒப்பிடுவது பெரிய வசதி. சிறிய பட்டறையில் ஒருவரே இரண்டு வேலையும் செய்வார், மற்றவரும் அதே அறையின் புகையைத்தான் சுவாசிப்பார் என்று ரிவ்யூவர் கேட்பார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஊதுகிறார், எத்தனை ஆண்டாக, சுடரிலிருந்து எத்தனை அடியில் உட்கார்கிறார் என்று கேள்வித்தாளில் சேர்த்துவிட்டால் அதற்குப் பதிலாகிவிடும்.

மரபணுவையும் எடுத்துவிடுங்கள். சில நூறு பேரில் மரபணுவுக்கும் புகைக்கும் உள்ள கூட்டு விளைவைக் காட்ட எண்ணிக்கை போதாது. ரத்தமும் வேண்டாம்: ரத்தக் காட்மியம் அண்மைக் கால நிலவரத்தைச் சொல்லும், சிறுநீர்க் காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டாகச் சேர்ந்ததைச் சொல்லும். உங்கள் கேள்வி இரண்டாவது. ஊசி இல்லை என்றால் வருகிறவர்களும் கூடுவார்கள்.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வட்டமான எண்ணைப் பார்த்தாலே புள்ளியியல் ரிவ்யூவருக்குச் சந்தேகம் வரும். இப்படிக் கணக்கிடுங்கள். ஊதுபவர்களில் 30 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும் சிறுநீரில் புரதக் குறியீடு கூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் (இந்த இரண்டு எண்ணும் வெளிவந்த கட்டுரையிலிருந்தோ உங்கள் முன்னோட்டத்திலிருந்தோ வர வேண்டும்), 80 சதவீதப் பவர் (உண்மையில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பில் ஒரு குழுவுக்கு 118 பேர் வேண்டும். ஆனால் ஒரே பட்டறையில் உள்ளவர்கள் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள், தனித்தனி ஆட்களாகக் கணக்கில் வர மாட்டார்கள். பட்டறைக்கு 6 பேர், அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவான ஒற்றுமைக் கெழு 0.1 என்றால், எண்ணிக்கையைப் பெருக்க வேண்டிய டிசைன் எஃபெக்ட் 1 கூட்டல் 5 பெருக்கல் 0.1, அதாவது 1.5. 118 இப்போது 177 ஆகும். பத்தில் ஒருவர் விலகுவார் அல்லது மாதிரி கெடும் என்று 0.9-ஆல் வகுத்தால் 197. இரண்டு குழுவுக்கும் 394. உங்கள் 1,000 பேரில் பாதிக்கும் குறைவு, ஆனால் ஒவ்வொருவரும் ஏன் வேண்டும் என்று இப்போது சொல்ல முடியும்.

எதை அளப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகக் குழாய் பாதித்தால் சிறுநீரில் கூடும் புரதங்களில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். அது சிறுநீரின் பிஹெச் 5.5-க்குக் கீழே இருந்தால் சிறுநீர்ப் பைக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிடும். வெயிலிலும் உலை வெக்கையிலும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவரின் சிறுநீர் அமிலமாகவே இருக்கும். உள்ள பாதிப்பும் இல்லை என்று வந்துவிடும். ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின் என்ற இன்னொரு புரதம் அமிலத்தில் நிலைக்கும், அதை முதன்மை அளவீடாக வையுங்கள். பீட்டா-2-வும் வேண்டும் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுகள் விட வேண்டிவரும். அதற்கு முன்னால் உலோகச் சோதனைக்கான பங்கைத் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மருந்திலிருந்தே உலோகம் கலந்துவிடும். மாதிரிக் குப்பிகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவ வேண்டும். மஞ்சள், சிவப்பு மூடிகள் கூடாது, அந்த நிறமிகளிலேயே காட்மியம் இருக்கக்கூடும். பட்டறையிலேயே குப்பியைக் கொடுத்து வாங்கினால் கையிலுள்ள தூசி விழும். கை கழுவியபின் வீட்டில் எடுத்த காலை மாதிரியே நல்லது. கிரியாட்டினின் லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழேயோ 3 கிராமுக்கு மேலேயோ இருக்கும் மாதிரிகளைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பீடி, புகையிலை, சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் நான்கையும் பதிவு செய்யாவிட்டால் முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள், அதிலும் பீடியே காட்மியத்துக்கு ஒரு பெரிய வழி.

பட்ஜெட்டில் இளம் ஆய்வாளர்கள் அதிகம் சறுக்குவது, இந்தப் புரதத்தை அளக்கும் எலைசா கிட்டில். 96 குழி என்றால் 96 பேர் என்று கணக்குப் போட்டு 394 பேருக்கு 5 கிட் கேட்பார்கள். ஸ்டாண்டர்டு 8 அளவுகள் இரட்டையாக 16 குழி, கன்ட்ரோல் இரண்டு இரட்டையாக 4 குழி போனால் மிச்சம் 76. மாதிரியும் இரட்டையாகப் போட வேண்டும், ஆக ஒரு தட்டில் 38 பேர். 394-க்கு 11 கிட், பழக ஒன்று சேர்த்து 12. எல்லாம் ஒரே லாட் எண்ணில் வேண்டும் என்று கொட்டேஷனிலேயே கேளுங்கள். ஐந்து கிட்டுக்கு மட்டும் பணம் வாங்கியவர் பாதியில் நின்று, கூடுதல் பணத்துக்குக் கெஞ்சி, வேறு லாட் வாங்கி, இரண்டு பாதியும் பொருந்தாமல் முழிப்பதுதான் வழக்கமாக நடப்பது.

காட்மியம் அளக்க வெளி ஆய்வகம் போதும், மெஷின் கேட்காதீர்கள். ஒரு மாதிரிக்கு 1,500 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் 394 அல்ல, 434-ஆல் பெருக்குங்கள்: 20 இரட்டை மாதிரி, 20 வெற்றுக் குப்பி. 6,51,000 ரூபாய். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஒருவருக்கு மாதம் 37,000 வீதம் 24 மாதத்துக்கு 8,88,000. சேலம் மத்திய அரசுப் பட்டியலில் ஒய் வகை நகரம் என்பதால் வீட்டு வாடகைப்படி 20 சதவீதம், 1,77,600. மொத்தம் 10,65,600. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவர் அரை நாள் வந்தால் அந்தக் கூலி போய்விடும். ஆளுக்கு 300 ரூபாய் ஈடாக 1,18,200 வைப்பதை எந்த ஃபவுண்டேஷனும் மறுக்காது, வைக்காதிருந்தால்தான் கேட்கும். கிட், குப்பி, பயணம் சேர்த்தால் 25 லட்சத்தை ஒட்டி வரும். எந்தக் கொட்டேஷனிலும் ஜிஎஸ்டி உள்ளடங்கியதா என்று பார்த்து, ஹெச்எஸ்என் எண்ணோடு (ஜிஎஸ்டிக்கான பொருள் வகை எண்) எழுதித் தரச் சொல்லுங்கள். லேப்டாப், பிரிண்டர் என்று நீட்டாதீர்கள். ஃபிரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையிலிருந்து மாலை வரை மைனஸ் 20 நிலைக்காது.

முதல் கடிதம், லெட்டர் ஆஃப் இன்டென்ட், பெரும்பாலும் ஒன்று இரண்டு பக்கம்தான். அதில் உலக சிறுநீரக நோய்ப் புள்ளிவிவரத்தோடு தொடங்க வேண்டாம். பட்டறை, பொடி, உங்கள் அட்டவணை, இதோ கேள்வி என்று நான்காவது வாக்கியத்துக்குள் வந்துவிடுங்கள். "இதுவரை யாருமே செய்யாதது" என்று எழுதாதீர்கள். இந்திய நகைத் தொழிலாளர்களின் காட்மியம் பற்றி ஏற்கெனவே கட்டுரைகள் வந்திருக்கின்றன, ரிவ்யூவர் தேடினால் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். அவை எதைச் சொல்லாமல் விட்டன என்று எழுதுங்கள். நோக்கங்கள் இரண்டு போதும், இரண்டாவது முதலாவதைச் சார்ந்திருக்கக் கூடாது: முதலாவது, ஊதுபவருக்கும் மற்றவருக்கும் சிறுநீர்க் காட்மிய அளவு எவ்வளவு வேறுபடுகிறது, இரண்டாவது, வேலை வகைக்கும் சுடர் ஊதும் மணி நேரத்துக்கும் ஏற்ப ஆல்ஃபா-1 கூடுகிறதா. பொதுமக்களுக்கான சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதி, பட்டறைக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

கல்லூரி முதல்வர் தரும் கடிதம் "இவர் கடின உழைப்பாளி" என்பதோடு முடிந்தால் அது வெற்றுத் தாள். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி சொல்லும் வகுப்பு நேரம் வாரம் 16 மணி. திட்டக் காலத்தில் அது எத்தனையாகக் குறைக்கப்படும், எந்த அறை, எந்த ஃபிரீசர், கணக்கை யார் பார்ப்பார் என்று எண்ணோடு இருக்க வேண்டும். உங்கள் பிஎச்.டி. கைடு இணை ஆய்வாளராக வேண்டாம், ஆலோசகராக இருக்கட்டும். தனித்து நிற்கிறீர்களா என்பதே இளம் ஆய்வாளர் கிராண்டின் கேள்வி. இணை ஆய்வாளராக ஒரு சிறுநீரக மருத்துவரைச் சேருங்கள். பேறுகால விடுப்பை மறைக்காமல் தொடக்க, முடிவுத் தேதியோடு எழுதுங்கள். பல இடங்களில் தகுதி ஆண்டிலிருந்து அந்த எட்டு மாதத்தைக் கழித்துக்கொள்வார்கள், எழுதாவிட்டால் உங்களுக்காக யாரும் கழிக்க மாட்டார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். உங்கள் கல்லூரியில் இல்லை என்றால் பதிவுள்ள ஒரு மருத்துவக் கல்லூரிக் கமிட்டியோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு அங்கே வைக்கலாம். கமிட்டி கேட்கப்போகும் கடினமான கேள்வி ஒன்றுதான்: பாதிப்பு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? நாள்பட்ட காட்மியச் சேர்க்கைக்கு உடலிலிருந்து அதை எடுக்கும் நிலைநாட்டப்பட்ட மருந்து இல்லை. புகையிலிருந்து விலக்குவதே வழி. அதனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு, காட்மியம் இல்லாத பொடிக்கு மாறும் வழி, முடிவுச் சீட்டு தொழிலாளி கையில் மட்டும் போகும், முதலாளிக்குப் போகாது என்ற உறுதி, மூன்றையும் எழுதுங்கள். கடைசி இல்லாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் குப்பியைத் தொட மாட்டார்கள். மாதிரி எடுக்கும் மாதங்களைக் குறிக்கும்போது ஆடித் திருவிழாவையும் தீபாவளிக்கு முந்தைய ஆர்டர் நெருக்கடியையும் தவிர்த்துவிடுங்கள். முன்னதில் பட்டறை பூட்டியிருக்கும், பின்னதில் உங்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களுக்கு ஆறு வாரம் முன்பே சொல்லி, உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தையும் அனுப்புங்கள். இணையதளத்தில் நீங்கள் "சமர்ப்பி" அழுத்தியதும் விண்ணப்பம் பல இடங்களில் முதலில் உங்கள் கல்லூரியின் அங்கீகரிக்கும் அலுவலருக்குத்தான் போகும்; அவர் அழுத்தினால்தான் ஃபவுண்டேஷனுக்குச் சேரும். அந்த அலுவலர் யார், அவர் மின்னஞ்சல் பதிவாகியிருக்கிறதா, கடைசி வாரத்தில் ஊரில் இருப்பாரா என்று முன்பே கேளுங்கள். பிற்காலத்தில் எப்போதாவது வெளிநாட்டுக்கு அனுப்பினால், லண்டன் மாலை 5 மணி என்பது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, அவர்கள் கோடையில் 9.30. அலுவலகமோ ஐந்து மணிக்கே பூட்டிவிடும், ஆகவே உங்கள் கடைசித் தேதியை அவர்கள் தேதிக்கு இரண்டு வேலை நாள் முன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.